முத்து நகரில் சட்டை மாற்றும் உயிர்கள்

சென்னை எழும்பூரில் இரவு ஏறிப் படுத்தால், முத்துநகர் எக்ஸ்பிரஸ் விடிந்ததும் தூத்துக்குடியில் இறக்கிவிடும். ரயிலுக்கு அந்தப் பெயர் வந்தது ஊரின் செல்லப் பெயரால். ஆனால், முத்தைத் தேடி வருபவர்களுக்கு இங்கே ஏமாற்றம்தான். கடலடியில் முத்துச் சிப்பி விளையும் இடத்தை இங்குள்ளவர்கள் 'பார்' என்பார்கள். 1955-ல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த முத்துக்குளிப்பு 1961-ல் நின்றது. அதன் பிறகு, குளிக்கிற அளவுக்குப் பார்கள் விளையவே இல்லை. 1973-ல் பக்கத்து வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டினார்கள். அது சாதனைதான், ஆனால் ஊரின் பிழைப்பாக மாறவில்லை. ஆகவே, இன்று தூத்துக்குடிக்கு வந்து போகிறவர்கள் முத்துக்குப் பதிலாக மக்ரூன் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

கடலுக்கு அடியிலிருந்து வருகிற செல்வம் அதோடு நின்றுவிடவில்லை. ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஊரின் வடக்குப் பக்கமுள்ள தெரேஸ்புரம் கரைக்குப் போனால் அதைப் பார்க்கலாம். முந்தின நாள் விரித்த வலைகளோடு வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் திரும்பிக்கொண்டிருக்கும். மணலில் வலையை மலைபோலக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, சிக்கிய நண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். இது லேசான வேலை இல்லை. அவசரப்பட்டு இழுத்தால் நண்டின் கால் கையோடு வந்துவிடும். கால் போன நண்டுக்கு ஏலத்தில் மதிப்பு குறைவு.

உண்மையில் காலை உடைப்பது பல நேரம் மனிதர் அல்ல, நண்டேதான். ஆபத்து வந்தால் காலின் குறிப்பிட்ட ஒரு கணுவில் தானே துண்டித்துக்கொண்டு தப்பிக்கும் வித்தை அதற்குத் தெரியும். ரத்தம் அதிகம் வீணாகாதபடி அந்த இடத்தில் மூடிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அடுத்த முறை சட்டை உரிக்கும்போது அங்கே குட்டியாகப் புதுக் கால் முளைக்கும். அதற்கடுத்த உரிப்பில் இன்னும் கொஞ்சம் வளரும்.

இந்தச் சட்டை உரிக்கும் விஷயம்தான் நண்டு, இறால், சிங்கி எல்லோரையும் ஒரே குடும்பமாக்குகிறது. உயிரியலில் இவற்றை ஓடுடைய கணுக்காலிகள் என்பார்கள். நமக்கு எலும்பு உள்ளே, இவற்றுக்கு வெளியே. வெளியே இருக்கும் எலும்பு வளராது, உடம்பு வளரும். ஆகவே சட்டை இறுகும்போதெல்லாம் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று மாட்டிக்கொள்ள வேண்டும். பழைய ஓட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியை முதலில் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது நண்டு. பிறகு முதுகோட்டின் பின் விளிம்பு பிளக்கிறது. பின்பக்கமாகவே நழுவி, கால், கொடுக்கு, கண் காம்பு உட்பட அத்தனையையும் உருவிக்கொண்டு வெளியே வருகிறது. வந்ததும் தண்ணீரைக் குடித்து உடம்பை ஊதிப் பெருக்குகிறது. ஓடு இறுகும் வரை அது வெறும் பஞ்சு. எதிரி யாராக இருந்தாலும் விழுங்கிவிடலாம்.

சமையலறைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அமாவாசை நண்டில் சதை இருக்கும், பௌர்ணமி நண்டு வெறும் கூடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நிலவைவிட முக்கியம், அந்த நண்டு எப்போது சட்டை மாற்றியது என்பது. புதுச் சட்டை போட்ட நண்டின் உள்ளே தண்ணீர்தான் அதிகம். வியாபாரிகள் அதைத் 'தண்ணி நண்டு' என்று ஒதுக்குவார்கள். வாங்கும்போது அடிவயிற்றோட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்தபடியே திருப்பிப் பார்த்தால் வயிற்றில் ஒரு மடிப்பு தெரியும். ஒடுங்கிய கூம்பாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். அந்த மடிப்பு என்ன தெரியுமா? நண்டின் வால். இறாலில் நாம் விரும்பிச் சாப்பிடுகிற பகுதி எதுவோ, அதுவேதான் நண்டில் தேய்ந்து, மடங்கி, வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறாலின் முதுகைக் கீறி உருவுகிற 'கறுப்பு நரம்பு'ம் நரம்பு அல்ல, குடல். உண்மையான நரம்பு வயிற்றுப் பக்கமாக ஓடுகிறது. நம் உடம்பை அப்படியே தலைகீழாகப் போட்டது போன்ற அமைப்பு.

தெரேஸ்புரம், வெள்ளப்பட்டி, தருவைகுளம் என்று வடக்கே போகப் போக, கரையில் அதிகம் தெரிவது நீலக்கால் நண்டு. ஆணுக்குத்தான் அந்த நீலம். பெண் மங்கிய பச்சை. கடைசிக் காலிரண்டும் துடுப்பு போலத் தட்டையாக இருப்பதால் இது நடக்கிற நண்டு மட்டுமல்ல, நீந்துகிற நண்டு. இத்தனை நீலமும் கொதிக்கிற சட்டியில் விழுந்ததும் சிவப்பாகிவிடுவது ஏன் என்று குழந்தைகள் கேட்பதுண்டு. சிவப்பு நிறமி முதலிலிருந்தே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து நீலமாகக் காட்டுகிறது. சூட்டில் புரதம் குலைகிறது, சிவப்பு விடுதலையாகிறது. அவ்வளவுதான்.

இந்த நண்டின் சதையை உதிர்த்து, பதப்படுத்தி, அமெரிக்கா வரை அனுப்புகிறார்கள். நண்டுக்கு விலை வந்தது அப்படித்தான். விலை வந்த பிறகு வலையில் வருகிற எதையும் கடலில் திருப்பி விட மனசு வருமா? குவியலைக் கிளறினால் வயிற்று மடிப்புக்கடியில் மஞ்சள் பஞ்சு ஒட்டியது போலச் சினை சுமக்கும் பெண் நண்டுகளும் கிடக்கும். ஒரு தாய் சுமப்பது லட்சக்கணக்கான முட்டைகள். மஞ்சள் நாள் ஆக ஆக ஆரஞ்சாகி, பழுப்பாகி, கறுப்பானால் பொரிக்கப் போகிறது என்று அர்த்தம். அந்தக் கறுப்பு, உள்ளே இருக்கும் குஞ்சுகளின் கண். பொரித்து வருவது நண்டு போலவே இருக்காது. முள்ளும் பெரிய கண்ணுமாகக் கடலில் மிதக்கும் துகள். நான்கு முறை சட்டை உரித்து, பிறகு வால் நீட்டிய ஒரு குட்டி உருவமாகி, அதற்கும் பிறகுதான் நண்டு. லட்சத்தில் கரை சேர்வது சொற்பம். சினை நண்டைத் திரும்ப விடுங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கடனுக்கு டீசல் போட்டு, வலை போட்டு வந்தவருக்கு அது எவ்வளவு கஷ்டமான அறிவுரை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஏலக் குவியலில் ஒரு நண்டு மட்டும் தனியாகக் கண்ணில் படும். செம்பழுப்பும் வெள்ளையும் வரிகள் ஓடும் முதுகில், நடுவே ஒரு சிலுவை. பெயரும் சிலுவை நண்டுதான். இந்தக் கரையில் அதற்கு ஒரு கதை உண்டு. புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் ஊர்களில் கால்நடையாகச் சுற்றியவர். பிறகு கிழக்கே மொலுக்காஸ் தீவுகளுக்குப் போனார். அங்கே 1546-ல் செராம் தீவுப் பக்கம் புயலில் படகு சிக்க, கையிலிருந்த சிலுவையைக் கடலில் நனைத்தபோது அது நழுவி விழுந்ததாம். மறுநாள் கரையில் நடக்கையில் ஒரு நண்டு அதைக் கொடுக்குகளில் ஏந்தி வந்து கொடுத்ததாம். அந்த நண்டின் வம்சத்துக்குத்தான் முதுகில் இந்த அடையாளம் என்பது நம்பிக்கை. கதை நடந்தது எங்கோ இந்தோனேசியக் கடலில். ஆனால் அதே நண்டு, அவர் நடந்த தூத்துக்குடிக் கரையிலும் வலையில் ஏறுகிறது. பனிமய மாதா பேராலயத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கூடைக்காரப் பெண்கள் அதைக் கூறு போட்டு விற்பார்கள். சிலுவை இருக்கிறதென்று யாரும் குழம்பில் போடாமல் விடுவதில்லை.

இந்தக் கடலின் நண்டுகளை வரிசைப்படுத்தியவர்களில் மறக்கக்கூடாத ஒருவர் ஜே.ஆர்.ஹென்டர்சன். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியர். எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவில் சேகரித்துக் கொண்டுவந்தவற்றையும் சேர்த்து ஆராய்ந்து, 1893-ல் இந்திய ஓடுடைய கணுக்காலிகளைப் பற்றிப் பெரிய கட்டுரை எழுதினார். அதற்கு வெகுகாலம் முன்பே நெய்தல் பாட்டுப் புலவர்கள் நண்டை 'அலவன்' என்றும், இறாலை 'இறவு' என்றும் எழுதிவிட்டார்கள். கரையில் அலவனை விரட்டி விளையாடும் பெண்கள் அந்தப் பாடல்களில் நிறைய வருகிறார்கள். கொற்கை முத்துக்குக் கிடைத்த புகழில் அலவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். இன்றைய கணக்கில் மன்னார் வளைகுடாவில் மட்டும் 641 வகை ஓடுடைய கணுக்காலிகள் இருப்பதாகப் பட்டியல் சொல்கிறது. அவற்றில் முத்துச் சிப்பி போன்ற இருவோட்டுச் சிப்பிகளுக்குள் குடியிருக்கும் பட்டாணி நண்டும் அடக்கம். பட்டாணி அளவு, மெல்லிய உடம்பு. சிப்பி சேர்க்கும் உணவில் பங்கு போட்டுக்கொண்டு உள்ளேயே காலம் தள்ளும். முத்தெடுக்கச் சிப்பியைத் திறந்து நண்டைப் பார்த்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும்!

இவை எல்லாவற்றிலும் ராஜா, சிங்கி இறால். கொடுக்கு கிடையாது. அதற்குப் பதில் முள் நிறைந்த, உடம்பைவிட நீளமான மீசை. பிடித்தால் மீசையின் அடிப்பகுதியை உரசிக் 'கிறீச்' என்று சத்தம் போடும். பவளப் பாறை இடுக்கில் பகலெல்லாம் பதுங்கி, இரவில் இரை தேடும். உயிரோடு, மீசை உடையாமல் இருந்தால்தான் நல்ல விலை. வெளிநாட்டு ஓட்டல்களின் கண்ணாடித் தொட்டி வரை அது போகும்.

சிங்கியின் பிள்ளைப் பருவம் கதைப் புத்தகத்துக்குரியது. தாய் வாலுக்கடியில் முட்டைகளைச் சுமந்து பொரிக்க, வெளியே வருவது கண்ணாடித் தாளில் வெட்டிய இலை போன்ற ஓர் உருவம். நீண்ட மெல்லிய கால்கள், உள்ளே ஊடுருவிப் பார்க்கலாம். அப்படியே பல மாதங்கள் நீரோட்டத்தோடு ஆழ்கடலில் அலையும். கடைசியில் ஒருநாள் சட்டை உரித்து, சின்னஞ்சிறு கண்ணாடிச் சிங்கியாகி, சாப்பிடாமலேயே கரையை நோக்கி நீந்தி வந்து, பாறையிலோ கடல்பாசியிலோ ஒண்டும். எனவே தூத்துக்குடிக் கடலில் பிடிபட்ட சிங்கியின் தாய் எந்த ஊர்க் கடலில் இருந்தது என்று சொல்லவே முடியாது. இறாலைப் பொரிப்பகத்தில் பொரிக்க வைத்துக் குளத்தில் வளர்ப்பது போல, சிங்கியை வளர்ப்பது நம் நாட்டில் வணிக அளவில் இன்னும் கைகூடவில்லை. அத்தனை மாதம் அந்த இலைக்குச் சோறூட்டிக் காப்பாற்றுவது அவ்வளவு சிரமம்.

ஆகவே கடலில் இருப்பதுதான் இருப்பு. 2003-ல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை வைத்தது. தூத்துக்குடியில் அதிகம் கிடைக்கும் சிங்கி வகைக்கு 200 கிராம். பெரிதாக வளரும் வண்ணச் சிங்கிக்கு 500 கிராம். நல்ல விதி; ஆனால் ஏற்றுமதிக்கு மட்டும்தான். 150 கிராம் சிங்கி வலையில் ஏறுவதையோ, உள்ளூர்ச் சந்தைக்குப் போவதையோ அது நிறுத்தாது. சின்னச் சிங்கியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குகிற நாமும் இந்தக் கணக்கில் வருகிறோம். போதாததற்குச் சிங்கியின் வீடும் போனது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளப் பாறைகளைப் பெயர்த்து எடுத்ததில், தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குசல்லி என்ற தீவு நீருக்குள் மூழ்கியேவிட்டது. வான் தீவு சுருங்கிப்போக, அதைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட் அமைப்புகளைக் கடலடியில் இறக்கியிருக்கிறார்கள். 1986-ல் 21 தீவுகளையும் சேர்த்து தேசியப் பூங்காவாக அறிவித்ததால் அங்கே சுற்றுலாப் பயணிகள் இறங்க முடியாது. அது நல்லதுதான்.

தெரேஸ்புரத்திலிருந்து திரும்பி, ஊரைக் கடந்து தெற்கே போனால் துறைமுகம். 1974-ல் பெருந்துறைமுகமானது, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயர் தாங்குகிறது. கடலுக்குள் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளும் அலைதடுப்புப் பாறைகளில், காலடி கேட்டதும் தட்டையான பாறை நண்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் இடுக்கில் மறையும். பாறையிலும் தூணிலும் வெள்ளை வெள்ளையாகச் சின்னச் சின்ன எரிமலைகள் ஒட்டியிருக்கும். கொட்டலசு. கல்லோ சிப்பியோ என்று நினைப்போம். அதுவும் நண்டின் உறவுதான். குஞ்சாக நீந்தி வந்து, பிடித்த இடத்தில் தலையை ஒட்டிக்கொண்டு, சுற்றிச் சுண்ணாம்புச் சுவர் எழுப்பி, ஆயுள் முழுக்கத் தலைகீழாக நின்று கால்களை வெளியே வீசி உணவைச் சேகரிக்கும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகளை இந்தக் கொட்டலசுக்கே செலவிட்டார் என்றால் நம்ப முடிகிறதா? கப்பல்காரர்களுக்கு இது பெரிய தலைவலி. அடிப்புறத்தில் படை படையாக ஒட்டினால் கப்பல் மெதுவாகும், எண்ணெய்ச் செலவு ஏறும். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் கப்பலா, வெள்ளைக்காரன் கப்பலா என்றெல்லாம் கொட்டலசு பார்த்திருக்காது.

துறைமுகச் சாலையின் இருபுறமும் உப்பளம். வெயில் ஏறினால் கண் கூசும். பாத்திகளில் நீர் வற்ற வற்ற நிறம் மாறி, சில இடங்களில் இளஞ்சிவப்பாகக்கூடத் தெரியும். மீன் வாழ முடியாத அந்த உப்பு நீரைக் கையில் அள்ளிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உயிர்கள் மல்லாந்து நீந்திக்கொண்டிருக்கும். ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால். பதினோரு ஜோடிக் கால்களை அலையலையாக அசைத்துப் பாசியை வடிகட்டித் தின்னும். பாசி குறைந்தால் உப்பு தெளிவாக விளையும் என்பதால் உப்பளத்துக்கும் இது நண்பன்.

தூத்துக்குடியின் பழைய ஆர்ட்டீமியாவுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதில் ஆணே கிடையாது. பெண்கள் மட்டும், அவர்கள் பெறுவதும் பெண்கள். தண்ணீர் ரொம்பக் கடுமையானால் குஞ்சுக்குப் பதில் தடித்த ஓடு போட்ட முட்டைகளை இடும். காய்ந்து தூசியாகக் கிடந்தாலும் ஆண்டுகள் தாங்கும். மறுபடி உப்பு நீரில் போட்டால் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். இந்தக் குணத்தால்தான் உலகமெங்கும் இறால் குஞ்சுகளுக்கு முதல் உணவாக ஆர்ட்டீமியா முட்டையை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். வனாமி இறாலுக்கு 2009-ல் அனுமதி கிடைத்து, பொரிப்பகங்கள் பெருகியபோது அந்த டப்பாக்களின் தேவையும் பெருகியது. பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. தப்பிய முட்டைகள் நீரோடும் பறவையின் காலோடும் நம் உப்பளங்களுக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்க இனத்தில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு, பெருக்கமும் வேகம். நம் உப்பளங்களில் பழைய பெண்கள் கூட்டத்தை அது வேகமாக ஓரங்கட்டி வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முத்துச் சிப்பி போனது ஊருக்கே தெரிந்தது. இது போவது பாத்தியில் கால் வைத்து உப்பு வாருகிறவர்களுக்குக்கூடத் தெரியாமல் நடக்கிறது.

திருச்செந்தூர் சாலையில் பழையகாயல் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் புன்னக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். மாலையில் போவது உத்தமம், வெயிலும் தணிந்திருக்கும். வெள்ளை இறாலின் குஞ்சுகள் கடலில் பிறந்து, இப்படிப்பட்ட கழிமுகங்களுக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. இறால் தாய், நண்டைப் போல முட்டையைச் சுமப்பதில்லை. கடலில் விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகளுக்குத் தொட்டில் இந்த அலையாத்திக் காடும் சேறும்தான். ஆற்றில் நல்ல நீர் வரவில்லை என்றால் விவசாயி மட்டும் பாதிக்கப்படுவதில்லை என்பது இங்கே வந்தால் புரியும்.

வற்றுநேரமாக இருந்தால் சேற்றுத் திட்டில் பிடில் நண்டுகள் நூற்றுக்கணக்கில் வெளியே வந்திருக்கும். ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிது. அதைத் தூக்கித் தூக்கி இறக்குவதைப் பார்த்தால் யாரையோ 'வா, வா' என்று கூப்பிடுவது போலிருக்கும். கூப்பிடுவதும் உண்மைதான், பெண் நண்டை. ஆனால் அந்தப் பெரிய கொடுக்கால் சாப்பிட முடியாது. சின்னக் கையால் சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோகும். பெண்ணுக்கு இரண்டும் சின்னக் கை என்பதால் அது இரட்டை வேகத்தில் சாப்பிடும். மனிதர் ஓரடி எடுத்து வைத்தால் போதும், மொத்தக் கூட்டமும் வளைக்குள். அசையாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வளையிலிருந்தும் காம்பு போன்ற இரண்டு கண்கள் முதலில் எட்டிப் பார்க்கும். பிறகு ஒரு கொடுக்கு. பிறகு எல்லாமே.

வெள்ளம் ஏறத் தொடங்கியதும் சேற்று உருண்டையை இழுத்து வாசலில் அடைத்துவிட்டு உள்ளே போய்விடுகின்றன. ஆற்று முகத்தில் படகுகள் அடுத்த பாட்டுக்கு வலையை ஏற்றிக்கொண்டிருக்கின்றன.